பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பூட்டு



இந்தப் பாடம் ஒரு தூர தேசத்தைப் பற்றியது. அந்த நாட்டின் பெயர் ஆப்கானிஸ்தான்.

பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்டுப் பொருள் நம் அடுப்படியில் இருக்கிறது. ரசத்துக்கும் சாம்பாருக்கும் பெருங்காயம் போடுகிறோம் அல்லவா? அது ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். நம் நாட்டுக்கு வரும் பெருங்காயப் பாலில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான் மலைகளில் இருந்துதான் வருகிறது. உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், பாதாம் ஆகியவையும் அங்கிருந்து வருகின்றன.

அந்த நாட்டில் ஓர் உத்தரவு இருக்கிறது. பெண் பிள்ளை ஆறாம் வகுப்பு வரைதான் படிக்கலாம். அதற்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. கல்லூரியும் இல்லை. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இப்படி ஒரு தடை கிடையாது.

பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் படிப்பு மட்டும்தானே நிற்கும்? அப்படித்தான் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பூட்டு பல இடங்களில் போய் விழுகிறது. எங்கெல்லாம் விழுகிறது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நாடு எங்கே இருக்கிறது?

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவுக்கு வடமேற்கே பாகிஸ்தான். அதற்கும் அப்பால் ஆப்கானிஸ்தான். இன்னொரு பக்கம் ஈரான். கடல் இல்லாத நாடு அது. எங்கும் மலைகள். இந்துகுஷ் என்ற பெரிய மலைத்தொடர் நாட்டின் நடுவே ஓடுகிறது. தலைநகரம் காபூல்.

சுமார் 4 கோடி மக்கள் வாழ்கிறார்கள். பஷ்தோ, தாரி என்ற இரண்டு மொழிகளை அதிகம் பேசுகிறார்கள். கோதுமை, பழங்கள், ஆடு வளர்ப்பு இவைதான் கிராமத்துப் பிழைப்பு. பெண்கள் வீட்டில் கம்பளம் நெய்கிறார்கள். அந்தக் கம்பளங்களுக்கு உலகம் எங்கும் பெயர் உண்டு.

முன்பும் இப்படித்தானா?

இல்லை. இதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமானுல்லா அந்த நாட்டின் மன்னராக இருந்தார். அவருடைய மனைவி அரசி சொராயா. 1921இல் காபூலில் பெண்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதாவது 100 ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 1964இல் வந்த அரசியல் சட்டம் எல்லோருக்கும் சம உரிமை என்று சொன்னது. 1965 தேர்தலில் பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மந்திரியாகவும் ஒரு பெண் வந்தார். நகரங்களில் பெண்கள் ஆசிரியர், டாக்டர் வேலை பார்த்தார்கள். கிராமங்களில் மட்டும் படிப்பு குறைவாகவே இருந்தது.

பிறகு சண்டை வந்தது. 1979 டிசம்பரில் சோவியத் ராணுவம் உள்ளே நுழைந்தது. 1989இல் அது வெளியேறியது. ஆனால் சண்டை ஓயவில்லை. ஆயுதக் குழுக்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன. 1996இல் தாலிபான் என்ற அமைப்பு காபூலைப் பிடித்தது.

தாலிப் என்றால் மாணவன் என்று அர்த்தம். மாணவன் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள்தான் பெண்களின் பள்ளிகளை மூடினார்கள். பெண்கள் வேலைக்குப் போகவும் தடை போட்டார்கள். சண்டையில் கணவனை இழந்த பெண்கள் ஏராளம். அவர்களும் வேலைக்குப் போக முடியவில்லை.

2001இல் அமெரிக்கப் படைகளும் வேறு சில நாட்டுப் படைகளும் வந்தன. தாலிபான் ஆட்சி விழுந்தது.

திறந்த கதவு

அடுத்த 20 ஆண்டுகளில் சண்டை முழுவதும் நிற்கவில்லை. குண்டு வெடிப்புகள் நடந்தன. ஊழலும் இருந்தது. ஆனாலும் பெண்கள் படிக்கப் போனார்கள்.

யுனெஸ்கோ என்பது ஐ.நா. சபையின் கல்வி அமைப்பு. அது சொல்லும் கணக்கைப் பாருங்கள்.

2001இல் ஆரம்பப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் ஏறக்குறைய யாருமே இல்லை. 2018இல் 25 லட்சம் பேர் படித்தார்கள்.

2001இல் கல்லூரிகளில் படித்த பெண்கள் சுமார் 5,000 பேர். 2021இல் ஒரு லட்சம் பேருக்கு மேல்.

எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 100 பேரில் 17 பேராக இருந்தார்கள். அது 30 பேரை நெருங்கியது.

அவர்களில் நம்மைப் போல வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்களும் உண்டு.

நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையில் கால் பங்குக்கு மேல் இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். காபூலில் நாடாளுமன்றத்துக்குப் புதிய கட்டடம் கட்டிக் கொடுத்தது இந்தியாதான். அது 2015இல் திறக்கப்பட்டது.

தடை மேல் தடை

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் மறுபடியும் காபூலைப் பிடித்தது. பழைய மாதிரி நடக்க மாட்டோம் என்று முதலில் சொன்னார்கள். நடந்தது என்ன? வரிசையாகப் பார்ப்போம்.

2021 செப்டம்பர்: ஆறாம் வகுப்புக்கு மேல் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி திறந்தது.

2021 டிசம்பர்: 72 கிலோமீட்டருக்கு மேல் போகிற பெண் ஆண் உறவினர் துணையோடுதான் போக வேண்டும் என்றார்கள்.

2022 மார்ச் 23: பெண்களுக்கும் பள்ளி திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு ஆசையோடு போனார்கள். சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள்.

2022 மே: வெளியே வரும் பெண்கள் முகத்தை மூட வேண்டும் என்று ஆணை வந்தது.

2022 நவம்பர்: பூங்காவுக்குப் போகத் தடை.

2022 டிசம்பர் 20: கல்லூரிக்குத் தடை. நான்கு நாள் கழித்துத் தொண்டு நிறுவன வேலைக்கும் தடை. மருத்துவம் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

2023 ஏப்ரல்: ஐ.நா. சபை அலுவலகங்களில் அந்நாட்டுப் பெண்கள் வேலை செய்யத் தடை.

2023 ஜூலை: அழகு நிலையங்களை மூடினார்கள். சுமார் 60,000 பெண்களின் பிழைப்பு போகும் என்று அந்நாட்டுப் பெண் வியாபாரிகள் சொன்னார்கள்.

2024 ஆகஸ்ட்: புதிய ஒழுக்கச் சட்டம். பெண் கூட்டத்தில் உரக்கப் பாடுவதும் உரக்க வாசிப்பதும் கூடாது என்றார்கள். நம் மையத்தில் ஒருவர் எழுந்து நின்று வாசிக்கிறார். மற்றவர்கள் கேட்கிறோம். அங்கே ஒரு பெண் அப்படிச் செய்தால் அது தப்பு.

2024 டிசம்பர்: செவிலியர் படிப்புக்கும் பிரசவம் பார்க்கும் படிப்புக்கும் தடை.

யுனெஸ்கோ 2024இல் ஒரு கணக்குச் சொன்னது. பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டிய பெண் பிள்ளைகளில் குறைந்தது 14 லட்சம் பேர் ஆறாம் வகுப்புக்கு மேல் போக முடியாமல் நிற்கிறார்கள்.

பூட்டு எங்கெல்லாம் விழுகிறது?

முதலில் பிரசவ அறையைப் பார்ப்போம்.

ஆப்கானிஸ்தானில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்கள் அதிகம். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 620 தாய்மார்கள் இறந்தார்கள். அதே காலத்தில் இந்தியாவில் 97 பேர். 2001க்குப் பிறகு அங்கே பல கிராமங்களில் இளம்பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் பல உயிர்கள் பிழைத்தன.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெண்ணை ஆண் டாக்டர் பார்ப்பதற்குப் பல இடங்களில் கட்டுப்பாடு. அப்படியானால் பெண் டாக்டரும் நர்சும் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நர்சிங் படிக்க வேண்டும். அதற்குப் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும். பள்ளியோ ஆறாம் வகுப்போடு நிற்கிறது. இன்று வேலையில் இருக்கும் நர்சுகளுக்கு ஒருநாள் வயதாகும். அவர்கள் இடத்துக்கு யார் வருவார்கள்?

துணைக்கு ஆண் இல்லாமல் போனால் சில மருத்துவமனைகளில் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஐ.நா. அறிக்கைகள் இதைச் சொல்கின்றன. பள்ளிக்குப் போட்ட பூட்டு பிரசவ அறையிலும் விழுகிறது.

அடுத்து அடுப்பைப் பார்ப்போம்.

2021க்குப் பிறகு வெளிநாட்டு உதவிப் பணம் பெரும்பாலும் நின்றது. வெளிநாட்டு வங்கிகளில் இருந்த நாட்டின் பணமும் முடக்கப்பட்டது. வேலை இல்லை. மழையும் பொய்த்தது. 2024இல் சுமார் 2 கோடியே 37 லட்சம் பேருக்கு உதவி தேவை என்று ஐ.நா. சொன்னது. நாட்டில் பாதிப் பேருக்கு மேல்!

2025இல் உதவிப் பணம் இன்னும் குறைந்தது. நூற்றுக்கணக்கான சிறு மருத்துவமனைகள் மூடின. அதே ஆண்டில் ஈரானும் பாகிஸ்தானும் லட்சக்கணக்கான ஆப்கானியர்களை வெளியேற்றின. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடு திரும்பினார்கள். அவர்களில் கணவனை இழந்த பெண்களும் உண்டு. அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? வேலைக்குப் போக வழி இல்லை. தனியாகப் பயணம் போகவும் முடியாது.

உதவி கொண்டு வருபவர் யார்? தொண்டு நிறுவனத்து ஆட்கள். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் ஆண் ஊழியர் போய்ப் பேச முடியாது. பெண் ஊழியர்தான் போக வேண்டும். அவர் வேலைக்கு வரத் தடை. கோதுமை மூட்டை ஊருக்குள் வந்தாலும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேர்வது கடினம்.

மூன்றாவது, ஆபத்துக் காலம்.

2023 அக்டோபர் 7 அன்று ஹெராத் மாகாணத்தில் நிலநடுக்கம். பகல் நேரம். ஆண்கள் பலர் வெளியே வேலையில் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் மண் வீட்டுக்குள் இருந்தார்கள். இறந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பு சொன்னது.

2025 ஆகஸ்ட் 31 இரவு குனார் மாகாணத்தில் இன்னொரு நிலநடுக்கம். 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காயம்பட்ட பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர்கள் போதவில்லை. பெண் ஊழியர்கள் மீதான தடையை நீக்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தாலிபானைக் கேட்டுக்கொண்டது.

உரிமை வேறு, சோறு வேறு என்று சிலர் பேசுவார்கள். முதலில் பசி தீரட்டும், படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். ஆப்கான் பெண்களைப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பது தெரிகிறது. படிப்பு போனது. அதனால் நர்ஸ் இல்லை. வேலை போனது. அதனால் ரொட்டி இல்லை.

காபூல் வீதியில் பெண்கள் ஊர்வலம் போனபோது மூன்று சொற்களைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். "நான், கார், ஆசாதி." நான் என்றால் ரொட்டி. கார் என்றால் வேலை. ஆசாதி என்றால் விடுதலை. மூன்றையும் அவர்கள் சேர்த்தே கேட்டார்கள். ஊர்வலம் போனவர்களில் சிலர் அடி வாங்கினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள்.

நம் மையத்தில் எழுந்த கேள்விகள்

இந்தப் பாடத்தை முதலில் எங்கள் மையத்தில் வாய்மொழியாகச் சொன்னேன். படிக்க வந்தவர்கள் பல கேள்விகள் கேட்டார்கள். இரண்டை இங்கே எழுதுகிறேன்.

ஒரு அண்ணன் கேட்டார்: "அவங்க மதம் அப்படிச் சொல்லுதா?"

இல்லை. இந்தோனேசியா, வங்கதேசம், பாகிஸ்தான், ஈரான், சவூதி அரேபியா எல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். அங்கெல்லாம் பெண்கள் கல்லூரி வரை படிக்கிறார்கள். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பும் இந்தத் தடை சரியல்ல என்று சொல்லிவிட்டது. நம் தெருவிலும் முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கிறோமே.

ஒரு அக்கா கேட்டார்: "அந்த ஊர் ஆம்பளைங்க சும்மாவா இருக்காங்க?"

எல்லோரும் சும்மா இல்லை. மதியுல்லா வெசா என்பவர் கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டு போனார். பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்று பேசினார். 2023 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். ஏழு மாதம் சிறையில் இருந்தார். இஸ்மாயில் மஷால் என்ற பேராசிரியர் தொலைக்காட்சியில் தன் பட்டச் சான்றிதழ்களைக் கிழித்தார். என் அம்மாவும் தங்கையும் படிக்க முடியாத நாட்டில் எனக்குப் பட்டம் எதற்கு என்பது அவர் நியாயம். அவரையும் பிடித்து அடைத்தார்கள். பிறகு விட்டார்கள்.

தாலிபான் தலைவர்களிலும் ஒருவர் வாய் திறந்தார். ஸ்தானெக்சாய் என்ற துணை மந்திரி அவர். 1980களில் நம் நாட்டு டேராடூனில் ராணுவப் பயிற்சி பெற்றவர். 2025 ஜனவரியில் இந்தத் தடைக்கு நியாயம் இல்லை என்று மேடையில் பேசினார். பிறகு நாட்டை விட்டே போக வேண்டி வந்தது.

மறைவில் ஒரு வகுப்பு

பூட்டுப் போட்டால் பெண்கள் படிப்பை விட்டுவிட்டார்களா?

1996 முதல் 2001 வரை நடந்ததைக் கேளுங்கள். ஹெராத் நகரில் ஒரு தையல் பள்ளி இருந்தது. தங்க ஊசி என்று அதன் பெயர். தையல் கற்கத் தடை இல்லை. பெண்கள் பை எடுத்துக்கொண்டு போவார்கள். பைக்குள் மேலே துணியும் கத்தரிக்கோலும் இருக்கும். அடியில் நோட்டும் பேனாவும் இருக்கும். உள்ளே ஒரு பேராசிரியர் இலக்கியம் சொல்லிக் கொடுப்பார். வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே காவல் இருப்பார்கள். யாராவது வந்தால் தகவல் உள்ளே போகும். நோட்டுகள் மறையும். ஊசியும் நூலும் கைக்கு வரும்.

சகீனா யாக்கூபி என்ற அம்மையார் அந்தக் காலத்திலேயே 80 வீடுகளில் ரகசியப் பள்ளி நடத்த உதவினார். சுமார் 3,000 பெண் பிள்ளைகள் அதில் படித்தார்கள்.

இன்றும் அப்படி வகுப்புகள் நடக்கின்றன. எங்கே நடக்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஆசிரியைக்கு ஆபத்து. வசதி உள்ளவர்கள் செல்போன் மூலம் படிக்கிறார்கள். ரேடியோவும் உதவுகிறது. 2021 மார்ச் 8, மகளிர் தினத்தில் காபூலில் ரேடியோ பேகம் என்ற வானொலி தொடங்கியது. பெண்களே நடத்தும் வானொலி. அதில் பள்ளிப் பாடங்களை வாசித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதிகாரிகள் அதை நிறுத்தினார்கள். சில வாரங்களில் மீண்டும் அனுமதி கிடைத்தது.

உலகம் என்ன செய்கிறது?

ஐ.நா. சபை பலமுறை கண்டித்தது. ஹேக் நகரில் ஒரு பன்னாட்டு நீதிமன்றம் இருக்கிறது. 2025 ஜூலையில் தாலிபானின் உச்சத் தலைவரையும் தலைமை நீதிபதியையும் கைது செய்ய அது ஆணை இட்டது. பெண் என்பதற்காகவே கொடுமை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆணையின் பேரில் உடனே பிடிக்க முடியாது. ஆனால் இது குற்றம் என்று உலகம் எழுதி வைத்துவிட்டது.

நம் டெல்லியிலும் ஒன்று நடந்தது. 2025 அக்டோபரில் தாலிபானின் வெளியுறவு மந்திரி டெல்லிக்கு வந்தார். அக்டோபர் 10 அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பெண் பத்திரிகையாளர் ஒருவர்கூட உள்ளே இல்லை. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே நாளில் இன்னொரு சந்திப்பு வைத்தார்கள். இந்த முறை பெண் பத்திரிகையாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண் பிள்ளைகளின் பள்ளி எப்போது திறக்கும் என்று அவரிடம் நேருக்கு நேர் கேட்டார்கள்.

பள்ளி அதனால் திறக்கவில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்டதால் மூடிய ஒரு கதவு இரண்டே நாளில் திறந்தது.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் பெண் படிக்கக் கூடாது என்ற காலம் இருந்தது. 1848இல் சாவித்திரிபாய் புலே புனே நகரில் பெண்களுக்குப் பாடம் சொல்லப் போனார். அவர் மீது சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டு போய் அவர் பாடம் சொன்னார். இன்று 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி நம் அரசியல் சட்டம் தரும் உரிமை.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. வயதுக்கு வந்தாள் என்று படிப்பை நிறுத்துகிற வீடு நம்மிடம் இல்லையா? தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பிள்ளையை நிறுத்துகிற வீடு இல்லையா? அங்கே அரசாங்கம் பூட்டுகிறது. இங்கே சில சமயம் நாமே பூட்டுகிறோம்.

ஆப்கான் பெண்கள் ஒரு நோட்டையும் பேனாவையும் துணிக்கு அடியில் மறைத்துக்கொண்டு போகிறார்கள். நமக்கு மறைக்க வேண்டிய தேவை இல்லை. மையத்துக்கு வருவோம். உரக்க வாசிப்போம். நம் வீட்டுப் பெண் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போகிறாளா என்று பார்ப்போம்.

புதிய சொற்கள்

உத்தரவு – ஆணை
விலக்கு – தடை இல்லை என்று விட்டுவிடுவது
முடக்குதல் – எடுக்க முடியாமல் நிறுத்தி வைத்தல்
கூட்டமைப்பு – பலர் ஒன்று சேர்ந்த சங்கம்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஆப்கானிஸ்தானின் தலைநகரம் ______.
2. அங்கே பெண் பிள்ளைகள் ______ வகுப்பு வரைதான் படிக்கலாம்.
3. தாலிப் என்றால் ______ என்று அர்த்தம்.
4. "நான், கார், ஆசாதி" என்றால் ரொட்டி, ______, விடுதலை.

விடை எழுதுங்கள்

1. தங்க ஊசி தையல் பள்ளியில் உண்மையில் என்ன நடந்தது?
2. பள்ளியை மூடினால் பிரசவ அறையில் ஏன் கஷ்டம் வருகிறது? உங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன?
2. அவர்களில் ஒருவரையாவது திரும்பப் பள்ளிக்கு அனுப்ப நம் மையம் என்ன செய்யலாம்?